பல்கலைக்கழக மைதானத்தில் பவ்வாவ்: வேலைக்குப் போகிறவர்களுக்கும் பார்க்கப் போகிறவர்களுக்கும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வசந்த காலத்தில் ஒரு மின்னஞ்சல் வரும். இந்த வார இறுதியில் பவ்வாவ், தன்னார்வலர்கள் தேவை என்று. கல்ச்சுரல்ஸ், தீபாவளி நைட் என்று வேலை பார்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் போய் நின்று, மேடை எங்கே, ரிகர்சல் எப்போது என்று கேட்பார்கள். மேடை கிடையாது, ரிகர்சலும் கிடையாது. நடுவில் ஒரு வட்டம் இருக்கும். அதன் ஓரத்தில் ஏழெட்டுப் பெரிய டிரம்கள், ஒவ்வொன்றையும் சுற்றி உட்கார்ந்து அடித்துக்கொண்டே பாடும் குழுக்கள். ஆடுகிறவர்களோடு அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் வந்திருப்பார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் கூடி ஆடவும், உறவுகளைப் பார்க்கவும், பட்டம் வாங்கிய பிள்ளையைக் கௌரவிக்கவும், இறந்தவரை நினைக்கவும் நடத்தும் கூட்டம் இது. பார்வையாளர்களுக்கும் இடமுண்டு, ஆனால் அவர்களுக்காக நடப்பதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் புரியும்.

பல்கலைக்கழகத்தில் ஏன் இது நடக்கிறது? ஸ்டான்ஃபோர்டில் முதல் பவ்வாவ் 1971இல் நடந்தது. அப்போது அந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்குப் பெயரே ‘இந்தியன்ஸ்’. 1930 முதல் இருந்துவந்த சின்னம் அது. பூர்வகுடி மாணவர்கள் மனுக் கொடுத்துப் போராடி 1972இல் அதை நீக்க வைத்தார்கள். தங்களைக் கேலிப் பொம்மையாக வைத்திருந்த அதே வளாகத்தில் தங்கள் ஆட்டம் எப்படியிருக்கும் என்று அவர்கள் காட்டத் தொடங்கியதுதான் இன்றைக்கும் அன்னையர் தின வார இறுதியில், யூகலிப்டஸ் தோப்பில், மாணவர்கள் கையாலேயே நடக்கிறது.

டார்ட்மத் கல்லூரியின் கதையில் கசப்பு இன்னும் அதிகம். மொஹீகன் குடியைச் சேர்ந்த சாம்சன் ஆக்கம் ஒரு பாதிரியார். பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்காக என்று சொல்லி 1766 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து ஏறத்தாழ 12 ஆயிரம் பவுண்டு திரட்டினார். அந்தப் பணத்தை வைத்து எலியாசர் வீலக் 1769இல் தொடங்கியதுதான் டார்ட்மத். சாசனத்தில் பூர்வகுடி இளைஞர்களின் கல்வி என்று எழுதியிருந்தது. வகுப்பில் உட்கார்ந்ததோ பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஏமாற்றப்பட்ட கோபத்தை ஆக்கம் வீலக்குக்குக் கடிதமாகவே எழுதினார். முதல் 200 ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பூர்வகுடி மாணவர்கள் 20 பேருக்கும் குறைவு. 1970இல் கல்லூரித் தலைவராக வந்த ஜான் கெமெனி பழைய வாக்கைக் காப்பாற்றுவோம் என்று அறிவித்தார். 1973இல் முதல் பவ்வாவ் நடந்தது. ஆக்கம் எழுதிய தாள்களை மொஹீகன் குடியிடமே கல்லூரி திருப்பிக் கொடுத்தது 2022 ஏப்ரலில்தான்.

இந்த இரண்டோடு முடிவதில்லை. 1862ஆம் ஆண்டின் மாரில் சட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களைத் தொடங்க நிலம் கொடுத்தது. அந்த நிலம் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் ஏக்கர். ஏறக்குறைய 250 குடிகளிடமிருந்து ஒப்பந்தத்தாலோ பிடுங்கியோ எடுத்தது என்று 2020இல் பத்திரிகையாளர்கள் ஏக்கர் ஏக்கராகக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அதிகம் பெற்றது கார்னெல், 10 லட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக. அதனால் பல்கலைக்கழகத் தலைவர் மைக்கைப் பிடித்து “எங்கள் மண்ணுக்கு உங்களை வரவேற்கிறோம்” என்று சொல்லும்போது கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடும். அந்த வாக்கியத்தை அவருடைய உரையிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுவது ஏற்பாட்டுக் குழுவின் முதல் சேவை.

எங்கள் கணக்கில் அழைப்பிதழுக்கு முன்னால் பார்க்க வேண்டியது மானிடவியல் துறையின் அலமாரிகளை. பல பல்கலைக்கழகங்களில் பூர்வகுடி முன்னோர்களின் எலும்புகளும் புதைப்பொருள்களும் அட்டைப்பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு 1989இலேயே ஓலோனி குடியின் முன்னோர்கள் சுமார் 550 பேரின் எச்சங்களைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1990இல், திருப்பித் தருவதைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 2024 ஜனவரியில் அதன் விதிகள் இறுகின; சம்பந்தப்பட்ட குடியின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கவே கூடாது. ஒரு கட்டிடத்தில் கொண்டாட்டம், பக்கத்துக் கட்டிடத்தில் பெட்டிக்குள் எலும்பு என்றிருந்தால் வருகிற பெரியவர்கள் அதைக் கேட்பார்கள். பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் அன்றைக்கு வளாகத்தில் இருக்க வேண்டும். திருப்பித் தரும் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேதியோடு சொல்லத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

இனித் தேதி. அமெரிக்காவில் நவம்பர் பூர்வகுடி மரபு மாதம், 1990 முதல். கனடாவில் ஜூன், அதிலும் 21ஆம் தேதி. நிர்வாகம் இந்த மாதங்களையே பிடித்துத் தொங்கும், செய்திமடலில் போட வசதி என்பதால். பவ்வாவை அப்படி வைக்க முடியாது. ஆடுகிறவர்களும் டிரம் குழுக்களும் வாரத்துக்கு ஓர் ஊர் என்று சுற்றுகிறவர்கள். உங்கள் தேதியில் நாலு மணி நேரக் கார் தூரத்தில் பெரிய பவ்வாவ் ஒன்று இருந்தால் உங்கள் வட்டம் காலியாகக் கிடக்கும். மாணவர்களுக்கோ தேர்வுக்கு முந்தைய வாரம் உதவாது. ஏப்ரல் முதல் மே நடுப்பகுதிக்குள், பக்கத்து ஊர்களின் நாள்காட்டியைப் பார்த்து, ஒரு வருடம் முன்பே மைதானத்தைப் பதிவுசெய்துவிடுங்கள். ஆறு மாதம் முன்பு தொடங்குகிற குழுவுக்கு நிகழ்ச்சியை நடத்த நல்ல எம்.சி. கிடைக்க மாட்டார்.

அனுமதி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வளாகம் நிற்கும் நிலத்துக்குரிய குடி ஒன்று, படிக்க வந்திருக்கும் பூர்வகுடி மாணவர்களின் குடிகள் வேறு. நவஹோ மாணவரோ லக்கோட்டா மாணவரோ கலிபோர்னியாவில் விருந்தாளிதான். ஸ்டான்ஃபோர்டில் நிலத்துக்குரியவர்கள் முவெக்மா ஓலோனி. அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லி, தொடக்கத்தில் வரவேற்புச் சொல்ல ஒருவரை அழைத்து, அதற்கு மரியாதைப் பணமும் கொடுக்க வேண்டும். சமவெளிக் குடிகளிலும் அனிஷினாபே மக்களிடமும் ஒரு பெரியவரிடம் கேட்கப் போகும்போது துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுப்பது வழக்கம். அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று பொருள். எல்லாக் குடிக்கும் இது பொருந்தாது. அந்தக் குடியின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உங்கள் வழக்கம் என்ன என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. இணையத்தில் படித்துவிட்டு எல்லோரிடமும் புகையிலையை நீட்டுவதுதான் அசட்டுத்தனம்.

பிறகு, போட்டி பவ்வாவா, மரபு பவ்வாவா என்று முடிவு செய்ய வேண்டும். போட்டி என்றால் ஒவ்வொரு ஆட்டப் பிரிவிலும் வயது வாரியாகப் பரிசுப் பணம், நடுவர்கள், மதிப்பெண்களைக் கூட்டும் டேபுலேட்டர், ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் எண். மரபு பவ்வாவில் பரிசு இல்லை. வந்து ஆடியவர்களுக்கும் டிரம் குழுக்களுக்கும் நாள் பணம். புதிதாகத் தொடங்கும் வளாகத்துக்கு மரபு வடிவம் போதும் என்பது எங்கள் எண்ணம். பரிசுத் தொகையை விளம்பரத்தில் போட்டுவிட்டுக் குறைத்துக் கொடுத்த குழுவின் பெயர் ஒரே சீசனில் பவ்வாவ் சுற்றுகிறவர்கள் எல்லோரிடமும் பரவிவிடும்.

தலைமைப் பொறுப்பாளர்கள் என்று ஒரு வரிசை உண்டு. எம்.சி. நாள் முழுக்கப் பேசி நிகழ்ச்சியை ஓட்டுகிறவர். யாரை எப்போது கூப்பிடுவது, எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது, எப்போது ஜோக் அடிப்பது எல்லாம் அவர் கையில். அரீனா டைரக்டர் வட்டத்துக்குள் நடப்பது அனைத்துக்கும் பொறுப்பு. ஹோஸ்ட் டிரம் முக்கியப் பாடல்களைப் பாடும் குழு. வடக்குப் பாணி ஒன்று, தெற்குப் பாணி ஒன்று என்று இரண்டை அழைப்பவர்களும் உண்டு. ஆண் தலைமை ஆட்டக்காரர், பெண் தலைமை ஆட்டக்காரர் இருவரும் ஒவ்வொரு பொதுப் பாட்டுக்கும் முதலில் அடி எடுத்து வைக்க வேண்டியவர்கள். அவர்கள் நகராமல் மற்றவர்கள் நகர மாட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் பயணச் செலவு, தங்கும் அறை, பணம்.

பணம் பட்டுவாடாவில்தான் பல்கலைக்கழக பவ்வாவ்கள் அதிகம் சொதப்புகின்றன. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு ஞாயிறு மாலை கையில் பணம் வந்துவிட வேண்டும், அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட வேண்டுமே. பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்கோ ஒவ்வொருவரும் வெண்டராகப் பதிவாக வேண்டும், அமெரிக்காவில் டபிள்யூ-9 வரிப் படிவம் நிரப்ப வேண்டும், காசோலை வர வாரக் கணக்கில் ஆகும். எட்டுப் பேர் பாடும் டிரம் குழுவுக்குக் குழுத் தலைவர் பெயரில் ஒரே காசோலை எழுதினால் வரிக் கணக்கு முழுவதும் அவர் தலையில் விழும். ஆகவே தலைமைப் பொறுப்பாளர்களின் படிவங்களை மூன்று மாதம் முன்பே வாங்கி, காசோலையை வெள்ளிக்கிழமைக்குள் அச்சடித்துப் பெட்டியில் பூட்டிவையுங்கள். டிரம் குழுக்களுக்கும் நாள் பணத்துக்கும் ரொக்க முன்பணம் எடுக்கக் கணக்குப் பிரிவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். கையெழுத்துப் பேரேடும், பணத்தை எண்ண இரண்டு பேரும், வாசலில் வளாகக் காவலர் ஒருவரும் இருந்தால் கணக்குப் பிரிவு பெரும்பாலும் இறங்கிவரும். ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களைக் கட்டுக் கட்டாக மாற்றி வையுங்கள். சின்னஞ்சிறுசுகள் ஆடும் பிரிவில் ஜெயித்தது தோற்றது கிடையாது. ஆடிய ஒவ்வொரு குழந்தைக்கும் கையில் ஏதாவது கொடுப்பது வழக்கம்.

மைதானம். 150 முதல் 200 பேர் ஆடக் குறைந்தது 100 அடி விட்டமுள்ள புல் வட்டம் வேண்டும். நுழைவு கிழக்கே. வட்டத்தைச் சுற்றி நிழல் வேண்டும், பந்தலோ கூடாரமோ. முதல் வரிசை நாற்காலிகள் ஆடுகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். நாற்காலியில் போர்வை விரித்திருந்தால் அது ஒருவருடைய இடம், தள்ளிவைத்துவிட்டு உட்காரக் கூடாது. வடக்குப் பாணியில் டிரம்கள் வட்டத்தின் ஓரத்தில் இருக்கும், தெற்குப் பாணியில் ஹோஸ்ட் டிரம் நடுவில் இருப்பதுண்டு. ஒலிபெருக்கிக்காரரிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் கேபிள் எட்டாது. டிரம்முக்கு மேலே தொங்கும் மைக் வேண்டும்; பாடகர் ஒவ்வொருவருக்கும் தனி மைக் தேவையில்லை. புல்தரையில் குழிகளையும் தண்ணீர்த் தெளிப்பான் மூடிகளையும் முதல் நாளே நடந்து பார்த்துக் கொடி நட்டு, மண் போட்டு நிரப்புங்கள். ஆடுகிறவர்கள் போடும் மொக்காசின் காலணி மெல்லிய தோல். அதைப் போட்டுக்கொண்டு குழியில் கால் வைத்தால் கணுக்கால் போய்விடும். இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். வளாகத்தின் தானியங்கித் தெளிப்பான்கள் விடியற்காலையில் திறந்துகொள்ளும். வெள்ளி, சனி இரவுகளுக்கு அதை நிறுத்தச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவிடம் எழுத்தில் வாங்கவில்லை என்றால் கடைக்காரர்களின் துணிகள் நனையும், தரை சேறாகும்.

மழை வந்தால் உள்விளையாட்டரங்கம் என்று எழுதி வைப்பார்கள். அங்கே மரத்தரைக்கு விரிப்பு வேண்டும், எதிரொலியில் ஒரு டிரம்மின் ஓசை இன்னொன்றோடு மோதும், புகைமணி வேறு. செடிப் புகை போட்டுத் தூய்மை செய்யும் சடங்கு உண்டு, சேஜ், சீடர், ஸ்வீட்கிராஸ் ஆகியவற்றால். கட்டிடத்துக்குள் செய்வதானால் தீயணைப்புப் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லி அந்த அறையின் உணர்கருவியை நிறுத்தி, ஆள் ஒருவரைக் காவலுக்கு வைக்க வேண்டும். கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்று தனி விதியே எழுதி வைத்திருக்கின்றன. ‘புகையிலை இல்லா வளாகம்’ என்ற விதியைக் காட்டிச் சடங்குப் புகையிலையைத் தடுக்க வரும் காவலருக்குக் காட்ட, நிர்வாகத்தின் விதிவிலக்குக் கடிதம் ஒன்று குழுத் தலைவரின் பையில் இருக்கட்டும். வெள்ளை சேஜ் கட்டுகளைக் கடையில் வாங்கி அலங்காரமாக வைக்காதீர்கள். தென் கலிபோர்னியாவில் அந்தச் செடி வணிகத்துக்காகத் திருட்டுத்தனமாக வெட்டப்படுகிறது.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கும் மாலை ஏழுக்கும், ஞாயிறு மதியம் ஒரு முறையும் கிராண்ட் என்ட்ரி என்பது பரவலான அட்டவணை. கழுகு இறகுகள் கட்டிய கோல் முதலில் வரும். பின்னால் கொடிகள், அவற்றைத் தாங்கி முன்னாள் படைவீரர்கள். அடுத்துத் தலைமைப் பொறுப்பாளர்கள், பவ்வாவ் இளவரசிப் பட்டம் பெற்ற இளம்பெண்கள், அதன் பிறகு பிரிவு பிரிவாக ஆடுகிறவர்கள். பல இடங்களில் வலஞ்சுழியாகச் சுற்றி உள்ளே உள்ளே வளைந்து வட்டம் நிறையும்; ஹோடனஷோனி மக்களிடம் இடஞ்சுழி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். கொடிப் பாட்டு, வெற்றிப் பாட்டு, பெரியவர் ஒருவரின் பிரார்த்தனை முடியும்வரை உட்காரக் கூடாது. போட்டியில் இருப்பவர்களுக்குக் கிராண்ட் என்ட்ரியில் கலந்துகொள்வதற்கே மதிப்பெண் உண்டு. அதனால்தான் பார்க்கிங் நெரிசலால் ஒருவர் பத்து நிமிடம் தாமதமானாலும் பெரிய சண்டை வரும். ஆடுகிறவர்களுக்கும் டிரம் குழுக்களுக்கும் வட்டத்துக்கு அருகிலேயே தனிப் பார்க்கிங், பெயர்ச்சீட்டோடு, வேண்டும். நம் தன்னார்வலர்களை நிறுத்த இதைவிடப் பயனுள்ள இடமில்லை.

தலைவரின் உரை கிராண்ட் என்ட்ரிக்குப் பிறகுதான் வரும். இரண்டு நிமிடம் என்று எம்.சி.யிடம் சொல்லிவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். நிலத்துக்குரியவர்களின் பெயரைச் சொல்லும் வாசகத்தில் வழக்கமான தவறு இறந்தகாலம்: “இங்கே வாழ்ந்த மக்கள்”. அவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தது உச்சரிப்பு. முந்தின நாள் அந்தக் குடியைச் சேர்ந்தவரைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து, பேசுகிறவருக்கு அனுப்புங்கள்.

டிரம் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் கேட்பதற்கு ருசி கூடும். மரச் சட்டத்தில் மாட்டுத்தோல், எல்க் மான் தோல் அல்லது காட்டெருமைத்தோல் கட்டிய, சுமார் இரண்டு முதல் மூன்றடி அகலமுள்ள வாத்தியம். சுற்றி ஐந்து முதல் பன்னிரண்டு பேர் வரை. வடக்குப் பாணியில் குரல் உச்சத்தில் ஏறும். தெற்கில் தாழ்ந்த குரல். தலைப் பாடகர் முதல் அடியைத் தனியே எடுப்பார், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்புவார்கள், பின் எல்லோருமாகப் பாடுவார்கள். இது ஒரு சுற்று. வடக்கில் பெரும்பாலும் நான்கு சுற்றுகள். இடையில் அடி பலமாக விழும் இடங்கள் வரும். அப்போது ஆடுகிறவர்கள் குனிவார்கள், பெண்கள் கையிலுள்ள இறகு விசிறியை உயர்த்துவார்கள். கடைசி அடி விழும் அந்தக் கணத்தில் கால் நின்றுவிட வேண்டும். போட்டியில் ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் தோல்வி, உடையிலிருந்து ஏதாவது கழன்று விழுந்தாலும் அந்தப் பாட்டுக்கு அவர் வெளியே. டிரம்மை யாரும் இல்லாமல் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அதன் மேல் பை வைப்பது, குறுக்கே கை நீட்டுவது, விரலால் தட்டிப் பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது. நம் சங்கங்களிலிருந்து ஒரு கேள்வி வரும்: பறை கொண்டுவந்து சேர்ந்து அடிக்கலாமா? வேண்டாம். அன்றைக்கு அது அவர்களுடைய வட்டம்.

ஆட்டங்களில் ஜிங்கிள் டிரெஸ் கதை சொல்லத் தகுந்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இன்ஃப்ளுயென்சா பரவிய காலத்தில் ஒஜிப்வே மக்களிடம் பிறந்த குணப்படுத்தும் ஆட்டம் இது. நோயுற்ற மகளுக்காகத் தகப்பன் கண்ட கனவில் இந்த உடையும் அடியும் வந்ததாகச் சொல்வார்கள். மினசோட்டாவின் மில் லாக்ஸ், ஒன்டாரியோவின் வைட்ஃபிஷ் பே இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் ஊரில்தான் தொடங்கியது என்பார்கள். பொடிமட்டை டப்பாவின் தகர மூடியைக் கூம்பாகச் சுருட்டி, வரிசை வரிசையாக ரிப்பனில் தொங்கவிட்ட உடை. நூற்றுக்கணக்கான கூம்புகள், ஆண்டுக்கு ஒரு நாள் கணக்கில் 365 என்று எண்ணித் தைப்பவர்களும் உண்டு. இப்போது கூம்புகள் ஆயத்தமாகவே விற்கின்றன. தைப்பதில் சூட்சுமம் இடைவெளியில். நெருங்கினால் கூம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஊமையாகிவிடும், விலகினால் மோதாது. பழைய பாணியில் பாதம் தரையைவிட்டு அதிகம் எழும்பாது. நோயுற்றவருக்காக இந்த ஆட்டத்தைக் கேட்பது இன்றும் நடக்கிறது. அப்படிக் கேட்டு ஆடும்போது கைதட்டல் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக: நூல் குஞ்சங்கள் அலையும் கிராஸ் டான்ஸ், ஓக்லஹோமாவில் பிறந்த, முதுகில் இரண்டு இறகுச் சக்கரங்களோடு சுழலும் ஃபேன்சி, பிளாக்ஃபுட் மக்களின் சிக்கன் டான்ஸ், பெண்களின் ஃபேன்சி ஷால், வயதான பெண்கள் அசையாத தலையோடு மெதுவாக நடக்கும் மரபு ஆட்டம். கடைசியாகச் சொன்னது சலிப்பூட்டும் என்று நினைத்து எழுந்து சாப்பிடப் போகிறவர்கள் பலர். எங்களைக் கேட்டால் நாள் முழுவதிலும் விடக் கூடாதது அதுதான். விசிறி, முழங்கால், சால்வைக் குஞ்சம் மூன்றும் ஒரே தாளத்தில் அசைவதைப் பத்து நிமிடம் பார்த்தால் தெரியும்.

உடையைத் தொடாதீர்கள். வேஷம் என்றோ காஸ்ட்யூம் என்றோ சொல்லாதீர்கள். மணிவேலைக்கு மாதக் கணக்கில் உழைப்பு, இறகுகளில் பல பாட்டன் கொடுத்தவை. படம் எடுக்க அந்த நபரிடம் கேட்க வேண்டும், குழந்தை என்றால் பெற்றோரிடம். எம்.சி. கேமரா வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

கழுகு இறகு கீழே விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். நீங்கள் எடுக்கக் கூடாது, உதவியாகக் கூட. பார்த்தவர் அதன் அருகே நின்று காவல் காத்து அரீனா டைரக்டரைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் படைவீரர் ஒருவரை அழைத்து, தனிப் பாட்டோடு எடுத்து உரியவரிடம் சேர்ப்பார்கள். சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டாட்சி அரசு அங்கீகரித்த குடிகளின் உறுப்பினர்களே இறகு வைத்திருக்கலாம். டென்வர் அருகே உள்ள கூட்டாட்சிக் கிடங்கில் விண்ணப்பித்துக் காத்திருந்து பெறுகிறார்கள். இதில் ஒரு விசித்திரம். ஸ்டான்ஃபோர்டு நிலத்துக்குரிய முவெக்மா ஓலோனி குடிக்கு அந்த அங்கீகாரமே இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரவேற்புச் சொல்ல அழைக்கப்பட்டவரின் குடியை அரசின் பட்டியலில் காணோம்.

கடைகளுக்கு இடம் கொடுக்கும்போது விண்ணப்பத்தில் கைவினைஞரின் குடியைக் கேளுங்கள். பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சிக் குற்றம். தனிநபருக்கு முதல் தடவையே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. தொழிற்சாலையில் செய்த மணிமாலையைப் பக்கத்துக் கடையில் வைத்தால் கையால் கோத்தவர் எழுந்து போய்விடுவார். சாப்பாட்டில் வரிசை நீளமாக நிற்பது ஃப்ரை பிரெட் கடையில். 1864இல் நவஹோ மக்களைப் போஸ்க் ரெடொண்டோவுக்கு நடத்தியே துரத்திய பின், ரேஷனில் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்து உண்டாக்கிய உணவு அது. அதனால் அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. பக்கத்தில் சோளம், பீன்ஸ், பூசணி வைத்த கஞ்சியோ குழம்போ விற்கும் கடை ஒன்றும் இருக்கட்டும்.

சனி மதிய அமர்வுக்கும் இரவு அமர்வுக்கும் நடுவில் ஆடுகிறவர்களுக்கும் பாடகர்களுக்கும் குழுவே சாப்பாடு போட வேண்டும். எண்ணிக்கையை இப்படிப் போடுங்கள்: பதிவு செய்த ஆட்டக்காரர்கள் 150, எட்டு டிரம்மில் 64, பொறுப்பாளர்கள் 20, ஆக 234. எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள், இரண்டால் பெருக்கி 470 தட்டு. முதியவர்களுக்கு முதலில், அவர்களை வரிசையில் நிற்கவைக்காமல் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பந்தி பரிமாறத் தெரியும், இங்கே அது அப்படியே உதவும். தண்ணீர் நாள் முழுக்க இலவசமாக, வட்டத்தின் நாலு பக்கமும்.

நாம் ஆடலாமா? எம்.சி. ‘இன்டர்டிரைபல்’ என்று கூப்பிட்டால் யாரும் வரலாம், ஜீன்ஸ் போட்டவரும். ரவுண்ட் டான்ஸ் என்றால் கைகோத்துப் பக்கவாட்டில் அடிவைக்க வேண்டும், அவ்வளவே. கௌரவப் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும். கௌரவிக்கப்படுகிறவரின் குடும்பம் முதல் சுற்றை ஆடி முடித்ததும் கைகுலுக்கிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். பிளாங்கெட் டான்ஸ் என்றால் வட்டத்தில் விரித்த போர்வையில் ரொக்கம் போட வேண்டும். வளாகத்தில் எல்லாம் கார்டு மயமாகிவிட்ட காலத்தில் நாலைந்து டாலர் தாள்கள் பையில் இருக்கட்டும். பட்டம் பெற்றவரின் குடும்பம் அன்பளிப்பு கொடுக்கக் கூப்பிட்டால் மறுக்காமல் போய் வாங்கி, வரிசையாக நிற்கும் குடும்பத்தார் எல்லோரிடமும் கைகுலுக்குங்கள். வட்டத்தைக் குறுக்கே கடந்து போகாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தான் போக வேண்டும்.

ஞாயிறு மாலை பரிசுகள், பணப் பட்டுவாடா, நிலத்துக்குரிய குடியினருக்கு நன்றிப் பரிசு, கொடிகளை வெளியே எடுத்துச் செல்லும் பாட்டு. கொடி வெளியேறும் வரை கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பிக்கக் கூடாது. வாடகைக் கம்பெனி லாரியை ஆறு மணிக்குச் சொல்லியிருந்தால் எட்டுக்கு மாற்றுங்கள். அதற்கு முன்பே எம்.சி.யிடம் ஒரு சீட்டு போக வேண்டும். அடுத்த வருடத் தேதி. கூட்டம் கலைவதற்குள் அவர் அதை அறிவித்துவிட்டால் டிரம் குழுக்கள் அங்கேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்வார்கள். ஆகவே அடுத்த ஆண்டுக்கான மைதானப் பதிவு இந்த ஆண்டுப் பவ்வாவுக்கு முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டும்.